ஓரகத்தியின் கணக்கு

மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நல்லபடியாக வீடு வந்து சேரும் வரையில் எங்கள் குடும்பத்தில் ஒரு சச்சரவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைப் பங்கு போட உட்கார்ந்த அன்றைக்குத்தான் வந்தது வினை!

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள், பட்டம் வாங்கியவள் என்பதனால் கணக்கு என் தலையில் விழுந்தது. நானும் சற்றுக் கர்வத்துடனேயே ஏற்றுக்கொண்டேன். நோட்டுப் புத்தகம் எல்லாம் எதற்கு, எக்ஸெல் இருக்கும்போது?

ஏற்பாடு இதுதான். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கூடவே இருந்தவள் பெங்களூரிலிருந்து வந்த என் ஓரகத்தி. அவள் தனியாக ஒரு ஃபைலில் தேதி, சாமான், வகை, தொகை என்று எழுதிவந்தாள். மூன்று வீட்டாரும் பங்கிட வேண்டிய செலவுக்கு எதிரே வகைக் கட்டத்தில் ‘பொது’ என்று போடுவாள். அந்த ஃபைல் எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் இருந்தது. என் லாப்டாப்பிலுள்ள மொத்தக் கணக்கு ஃபைல் அதோடு இணைக்கப்பட்டு, ‘பொது’ என்று கண்ட வரிகளை மாத்திரம் கூட்டி எடுத்துக்கொள்ளும். அவள் அங்கே எழுத, இங்கே என் கூட்டுத்தொகை தானாக ஏறும். முதல் வாரம் அதை என்னவருக்கு மூன்று தடவை காட்டியிருப்பேன்.

இந்த வித்தைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டான் பிரிக்ளின் என்ற அமெரிக்கர். ஹார்வர்டில் படிக்கையில், கரும்பலகையில் ஒரு எண் மாறினால் ஆசிரியர் வரிசையாக அத்தனையையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உதித்ததாம். 1979-ல் பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து ‘விஸிகால்க்’ என்று வெளியிட்டார். எக்ஸெல் வந்தது 1985-ல். இவ்வளவு வியாக்கியானம் தெரிந்திருந்தும், ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கை கொடுக்கவில்லை.

அன்று திருச்சியிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். ஓரகத்தி அதற்கு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பை வைத்து என் ஃபைலைத் திறந்தேன். “வேறு ஃபைல்களோடு இணைப்பு இருக்கிறது, புதுப்பிக்கலாமா?” என்று வழக்கம்போல் கேட்டது. வழக்கமாக ‘வேண்டாம்’ என்பேன். அன்றைக்கு நாலு பேர் பார்க்கிறார்களே, கடைசிக் கணக்கு வரை வந்துவிடட்டும் என்று ‘புதுப்பி’யை அழுத்தினேன்.

ஓரகத்தியின் வரிசையில் இருந்த 48,650 ரூபாய் மறைந்துபோயிற்று. அந்த இடத்தில் ‘#வேல்யூ!’ என்று நின்றது. ஒரு கட்டம் உளறினால் அதை நம்பியிருக்கும் கட்டமும் உளறும் அல்லவா? அடியிலிருந்த மொத்தமும் அதையே சொல்லிற்று. பதற்றத்தில் என் விரல்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்: கன்ட்ரோல்-எஸ்! பத்திரிகைக்காரியின் கை, எதைக் கண்டாலும் சேமித்துவிடும். கெட்டுப்போனதை நன்றாகக் கெட்டியாக்கி வைத்தேன்.

“என்ன அண்ணி, சின்ன அண்ணி கணக்கையே காணோம்?” என்றாள் நாத்தனார்.

“ஏதோ கோளாறு.”

“அந்த ஃபைலை அவர் ஊரிலிருந்தபடியே அழிக்கலாமா?”

“அழிக்கலாம்தான்...” என்று இழுத்தேன்.

அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உள்ளே கட்டிலில் மாமியார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஓரகத்தி ஃபைலை அங்கேயே திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் சந்தேகம் தட்டியது. வியாழக்கிழமைதான் அவள் என்னிடம், “அக்கா, வரி வரியாக எல்லாருக்கும் காட்டத்தான் வேண்டுமா? மொத்தம் சொன்னால் போதாதா?” என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி அப்போது வந்து மனசில் உட்கார்ந்துகொண்டது.

இரவு எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவு அம்மாளுக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள்ளாகவே, “ஸம்-இஃப் போட்டீர்களா?” என்று கேட்டார். போட்டிருந்தேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் விளக்கம் தெளிவாக இருந்தது.

அடுத்த ஃபைலின் ஒரு கட்டத்தை நேரே காட்டி ‘இதைக் கொண்டு வா’ என்றால், அந்த ஃபைல் மூடியிருந்தாலும் எக்ஸெல் கொண்டுவந்துவிடும். சாதாரணக் கூட்டல்கூட நடக்கும். ஆனால் ‘இன்ன வகையை மட்டும் பொறுக்கிக் கூட்டு’ என்கிற ஸம்-இஃப், கவுண்ட்-இஃப் ஜாதிக்கு அந்த ஃபைல் திறந்தே இருக்க வேண்டும். மூடியிருந்தால் ‘#வேல்யூ!’தான். பிறகு ஏன் இத்தனை நாள் சரியாக இருந்தது? எழுதும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்தேன். தனியே திறந்தபோது ‘வேண்டாம்’ என்றதனால், கடைசியாக வந்த விடையைத் தன் ஞாபகத்திலிருந்தே காட்டிற்று. அன்று புதுப்பிக்கச் சொன்னேன். பூட்டிய கதவைத் தட்டி, இருந்த ஞாபகத்தையும் தொலைத்தது.

ஓரகத்தியின் ஃபைலைத் திறந்தேன். அத்தனையும் அப்படியே இருந்தது! இரண்டும் திறந்திருக்க, எஃப்-9 பொத்தானை ஒரு தட்டு. 48,650 திரும்பி வந்தது.

கூடவே அந்த அம்மாள் இரண்டு எச்சரிக்கை சொன்னார். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதியில், வெளி இணைப்புகளின் மதிப்பைச் சேமிக்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, யாராவது உபகாரி வந்து ‘பிரேக் லிங்க்’ கொடு என்றால் சட்டென்று கொடுத்துவிடக்கூடாது. எண் உறைந்து நிற்கும், சூத்திரம் போய்விடும். ‘அன்டூ’ அதற்குக் கிடையாது. ஃபைலை இடம் மாற்றியதால் இணைப்பு அறுந்திருந்தால், ‘டேட்டா’ பக்கத்தில் இணைப்புகளைத் திறந்து ‘சேஞ்ச் ஸோர்ஸ்’ மூலம் புது இடத்தைக் காட்டினால் போதும்.

நிரந்தர வைத்தியம் மிகவும் சுலபம். பொறுக்கிக் கூட்டும் வேலையை ஓரகத்தியின் ஃபைலிலேயே ஒரு கட்டத்தில் செய்துவிட்டு, நான் அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அவள் வீட்டுக் கூட்டல் அவள் வீட்டிலேயே!

அந்தக் கட்டத்தை எங்கே போடலாம் என்று அவள் ஃபைலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஆட்டோ 120. இளநீர் 60. ஃபிளாஸ்க் 850. பதினெட்டு நாளும் வரி வரியாக இருந்தது. நடுநடுவே ‘பொது’ இல்லாமல் இன்னொரு வகை. ‘நம்முடையது’ என்று எழுதியிருந்தாள். இரவு நர்ஸ், நாலு நாள். அம்மாவுக்கு மெத்தென்ற செருப்பு. நாத்தனார் பிள்ளைகள் பார்க்க வந்தபோது சாப்பாடு. ‘பொது’ என்று இல்லாததால் என் ஸம்-இஃப் அவற்றை ஒரு நாளும் கண்டதில்லை. தனியே கூட்டிப் பார்த்தேன்: 11,200 ரூபாய். எதை மறைக்க அவள் தயங்கினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை நாத்தனாரை உட்கார வைத்து அந்த ஃபைலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பிள்ளைகளின் சாப்பாட்டு வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நான் கேட்டது அவர் காதுக்குப் போகவேண்டாம், அண்ணி” என்றாள்.

“நான் நினைத்ததும் போகவேண்டாம்” என்றேன்.

அவளே சொன்னதன்பேரில், ‘நம்முடையது’ என்றிருந்த வரிகளை எல்லாம் ‘பொது’ என்று மாற்றினேன். மொத்தம் 59,850 ஆயிற்று. ஃபைலை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மத்தியானம் திறந்தபோது மீண்டும் 48,650. எக்ஸெல் மறுபடியும் காலை வாரிவிட்டதோ என்று பயந்துபோய், அவள் ஃபைலைப் போய்ப் பார்த்தேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. பெங்களூரிலிருந்தபடி ஓரகத்தி அத்தனை வரிகளையும் திரும்ப ‘நம்முடையது’ ஆக்கியிருந்தாள்.