விழுந்த பிறகு

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று மாலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். புதனன்று மணி கேட்டார். வெள்ளியன்று இறந்துபோனார். அடி என்பது ஒரு கணம், அதன் விளைவு தெரியத்தான் மூன்று நாள் ஆயிற்று என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்ததில் அது பிழை என்று தெரிந்தது.

தலையில் அடிபட்டதும் அந்த இடத்திலேயே சாகிற நரம்புச் செல்கள் ஒரு பகுதிதான். மற்றவை மணிக்கணக்கில், நாட்கணக்கில் சாகின்றன. சிதைந்த செல்களிலிருந்து குளூட்டமேட் அளவுமீறிக் கொட்டுகிறது. அது அண்டைச் செல்களின் வாயில்களைத் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதை வாங்கி வைத்துக்கொள்பவை மைட்டோகாண்ட்ரியா. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக்கொண்டு சக்தி தயாரிப்பவையும் இவைதான். கால்சியம் ஓர் அளவைத் தாண்டியதும் இவற்றின் உட்சவ்வில் துளை திறக்கிறது. மின்னழுத்தம் சரிகிறது, சக்தி உற்பத்தி நின்றுபோகிறது. வீங்கி, வெளிச்சவ்வு கிழிய, ஸைட்டோக்ரோம் ஸி கசிகிறது. சுவாசத்துக்காக எலெக்ட்ரானைக் கடத்திக்கொண்டிருந்த புரதம் அது. வெளியே வந்ததும் அதுவே, செல் தன்னை அழித்துக்கொள்வதற்கான உத்தரவாகிவிடுகிறது. அதன் இந்த இரண்டாவது வேலையை 1996ல் ஷியாவோதாங் வாங்கின் ஆய்வுக்குழு வெளிப்படுத்தியது.

நம் புதுக்கவிதையில் மரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. கதவைத் தட்டுகிறது, நிழலாய் நிற்கிறது. அப்படிப்பட்ட வரிகளை நானும் பாராட்டி எழுதியிருக்கிறேன். இப்போது அவை சோம்பேறித்தனமாகப் படுகின்றன. மூச்சை நடத்திய பொருளே இடம் மாறியதும் சாவை நடத்துகிறது. இதையும் ஓர் உருவகமாக்கிவிடும் ஆசை எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். உருவகமாக்கினால் அப்பா அதிலிருந்து விலகிப்போய்விடுவார்.

ஸைக்ளோஸ்போரின் என்ற மருந்து அந்தத் துளை திறப்பதைத் தடுக்கிறது. எலிகளில் மூளைச் சேதத்தைக் குறைத்தது. அடிபட்ட மனித மூளைக்கு நிரூபணமான மருந்தாக இன்னும் ஆகவில்லை. ஆகவே நான் செய்யத் தவறியது எதுவும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புதனன்று அவர் மணி கேட்டபோது, ‘அஞ்சரை, தூங்குங்கப்பா’ என்று சொல்லிவிட்டு, ஆபத்து தாண்டிவிட்டது என்ற நினைப்பில் காப்பி குடிக்கக் கீழே இறங்கிப்போனேன். முடிந்துபோன ஒன்றின் அருகில் காவல் இருப்பதாக எண்ணியிருந்தேன். அது அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.