இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

தமிழ் பயின்ற எவரும் இத்தேர்வு வினாவை மறந்திருக்க மாட்டார்கள். பாடலடி ஒன்றைக் கொடுத்து இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்பார்கள். அடியின் பொருளை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது. எந்நூலில், யார், யாரிடம், எச்சூழலில் கூறியது என்பதையும் எழுதியாக வேண்டும். மாணவர்கள் இதை வெறும் சடங்காகக் கருதுகின்றனர். ஏறத்தாழ இருபதாண்டுகளாக விடைத்தாள் திருத்திவரும் எனக்கோ, வாசிப்பின் அறமே இவ்வினாவில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. விவிலிய வசனங்கள் கையாளப்படும் முறையைக் காணுந்தோறும் இவ்வெண்ணம் வலுப்பெறுகிறது.

தமிழகத் திருச்சபைகள் பலவற்றில், ஆண்டிறுதி இரவு ஆராதனையின்போது வரும் ஆண்டுக்குரிய வாக்குத்தத்த வசனத்தை அட்டையில் அச்சிட்டு வழங்குவது வழக்கம். அவ்வாறு பெரிதும் புழங்கும் வசனங்களுள் ஒன்று எரேமியா 29:11. தம் மக்களின் நலத்தையே தாம் எண்ணியிருப்பதாகவும், அவர்கள் எதிர்நோக்கும் நற்காலத்தை அருளப்போவதாகவும் இறைவன் உரைக்கும் வசனம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவருக்கு அவ்வட்டை கிடைத்தது. அவருடைய தந்தை அப்போது நோயுற்றிருந்தார். குடும்பமே அவ்வசனத்தைப் பற்றிக்கொண்டது. மார்ச்சு மாதத்தில் தந்தை இறந்தார். உங்கள் விசுவாசம் போதவில்லை என்று உறவினர் சிலர் சொல்லியிருக்கின்றனர். துறை அறையில் என்முன் அமர்ந்து, “அப்பாவ நாங்கதான் காப்பாத்தாம விட்டுட்டோமா ஐயா?” என்று அவர் கேட்டார். நான் சமய அறிஞனல்லன், மொழியாசிரியன். எனவே எனக்குத் தெரிந்த வழியில், அந்த அதிகாரத்தை முதலிலிருந்து இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. முந்தைய அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் முழங்குகிறான். எரேமியா அதை மறுக்கிறார். கடிதத்திலோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்கிறார். பதினோராம் வசனத்துக்கு முந்தைய வசனம் மீட்சிக்குக் குறிக்கும் காலம் எழுபது ஆண்டுகள். அக்கடிதத்தைப் படித்த பெரியவர்களுள் மிகப் பலர் அந்நாளைக் கண்டிருக்க முடியாது. தமிழ் விவிலியத்தில் அவ்வசனம் ‘உன்’ என்னாமல் ‘உங்கள்’ என்றே பேசுகிறது. அது ஓர் இனத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். ஒருவருடைய நோய்க்கு இடப்பட்ட கெடுவன்று. மாணவர் எழுபது என்ற எண்ணில் விரலை வைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்போ இது உடனே கிடைக்கும்னு சொன்ன வார்த்தையே இல்ல ஐயா” என்றார்.

பிலிப்பியர் 4:13க்கும் இதே நிலைதான். எல்லாவற்றையும் செய்ய எனக்கு வலிமையுண்டு என்னும் கருத்துடைய அவ்வசனத்தைத் தேர்வெழுதும் அட்டையில் ஒட்டிவைத்திருக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பவுல் அதைக் காவலில் இருந்தபோது எழுதினார். உண்டு நிறைவதையும் பட்டினி கிடப்பதையும் ஒன்றுபோல ஏற்கப் பழகியதையே முந்தைய வசனத்தில் சொல்கிறார். வெற்றி முழக்கமாக ஒலிப்பது, உண்மையில் இல்லாமையைத் தாங்கும் மனத்திண்மை.

இவ்வாறு துண்டாடுவதற்கு ஏதுவான எண்கள் மூல ஆசிரியர்கள் இட்டவையல்ல. இன்று வழங்கும் அதிகாரப் பகுப்பு 13ஆம் நூற்றாண்டினது. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்களை 1551இல் இட்டவர் பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன். தேடுவதற்கு உதவிய எண்களே காலப்போக்கில் வேலிகளாகிவிட்டன. நம் அகப்பாடல்களைத் தொகுத்தோர் இவ்விடரை உணர்ந்திருந்தனர் போலும். குறுந்தொகைப் பாடல்களின்கீழ் தலைவி கூற்று, தோழி கூற்று எனக் குறிப்புகள் நிற்கின்றன. பேசுபவர் மாறினால் பொருளே மாறிவிடும் என்பது அவற்றின் எச்சரிக்கை.

தனி வசனம் ஆறுதல் தராது என்று நான் வாதிடவில்லை. துயருற்றோர் ஒரு சொல்லைப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் சூழலினின்று பிரிக்கப்பட்ட வாக்கு பொய்க்கும்போது, பழி நூலின்மீது விழுவதில்லை, நம்பியவர்மீதே விழுகிறது. அதுதான் கொடுமை. அன்புகூர்ந்து, அடுத்தமுறை ஒரு வசனத்தை ஒருவர் கையில் கொடுக்குமுன், அதன் முன்னும் பின்னும் உள்ள பத்து வசனங்களையாவது வாசித்துவிடுங்கள்.