மென்னு முழுங்காமச் சொல்லு: சிறுமலையில் சொல் சேகரிக்கப் பழகியது

வட்டாரச் சொல் சேகரிப்பைப் புத்தகத்தில் படித்துக் கற்றுவிட முடியாது. தெரிந்தவர் ஒருவரோடு ஊர் ஊராக நடக்க வேண்டும். எனக்கு அப்படி வாய்த்தவர் திண்டுக்கல்லில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கரிசல் வழக்குக்கு கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி தந்தார். கொங்கு வழக்குக்கு பெருமாள்முருகன் 2000இல் தந்தார். நம் சிறுமலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது ஐயாவின் தீராத ஆசை.

"எல்லாச் சொல்லையும் அள்ளப் போகாதப்பா. ஒரு பொருளை எடுத்துக்க. அதுக்கு எத்தனை சொல்லு இருக்குன்னு பாரு" என்றார். பழைய நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் திரட்டிய முறைதான் இது. எனக்கு அவர் கொடுத்த பொருள், மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொல்வது. சேகரிக்க வேண்டிய இடம் சிறுமலை.

திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பழையூர், புதூர், தென்மலை என்று குடியிருப்புகள் வரும். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழை விளையும் மண் இது. தோட்டத்திலிருந்து குதிரைமேல் ஏற்றிவரும் தார்களை இன்றும் பார்க்கலாம்.

ஐயாவின் முதல் விதி, சொல்லைக் கேட்காதே, விஷயத்தைக் கேள் என்பது. "வெளிப்படையாகப் பேசுவதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நமக்காக ஏட்டுத் தமிழைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதனால் வாழையைப் பற்றிக் கேட்டோம். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் இந்த மலையின் வாழையை அழித்த கதையைக் கேட்டோம். தார் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டோம். நோய் கண்ட மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்று ஒரு பெரியவர் விவரித்தார். அந்தப் பேச்சில் நாங்கள் தேடிய சொற்கள் தாமாக வந்தன: "மென்னு முழுங்காமச் சொல்லிட்டேன்."

இரண்டாம் விதி சீட்டு எழுதுவது. சொல், அது வந்த முழு வாக்கியம், சொன்னவரின் வயது, தொழில், யாரிடம் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர் எழுதுவதில்லை.

சீட்டுகளைத் தரையில் பரப்பி அடுக்கியபோதுதான் இந்த வேலையின் ருசி எனக்குப் பிடிபட்டது. பூசி மெழுகாம, சுத்தி வளைக்காம, மழுப்பாம, மூடி மறைக்காம, மென்னு முழுங்காம. செய்யக்கூடாத ஒன்றை விலக்கித்தான் நம் மக்கள் நேர்மையான பேச்சைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் விலக்குவது வேறு. பூசி மெழுகுகிறவர் குறையை மறைக்கிறார். சுற்றி வளைக்கிறவர் விஷயத்துக்கு வராமல் காலம் கடத்துகிறார். மழுப்புகிறவர் பதில் சொல்வதிலிருந்து நழுவுகிறார். மென்று முழுங்குகிறவரோ பயப்படுகிறார். இவை எல்லாவற்றுக்கும் 'வெளிப்படையாக' என்று ஒரே பொருள் எழுதிவிட்டால், பயந்தவரையும் ஏய்ப்பவரையும் ஒன்றாக்கிவிடுவோம் என்றார் ஐயா.

இன்னொரு அடுக்கில் வெட்டுகிற, உடைக்கிற சொற்கள் சேர்ந்தன: வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு, போட்டு உடைக்கிறது, நறுக்குன்னு, மூஞ்சிக்கு நேரா. அதற்கு எதிரே திறக்கிற சொற்கள்: மனசு விட்டு, வாய் விட்டு, மனசத் திறந்து. வெட்டுகிற சொல் பெரும்பாலும் தகராற்றிலும் விலை பேசும்போதும் வந்தது. திறக்கிற சொல் நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தபோது வந்தது. உண்மையைச் சொல்லத் துணிச்சல் போதாது, கேட்கிற ஆளும் வேண்டும் என்பதை இந்தச் சீட்டுகள் எனக்குக் காட்டின.

யார் யாரிடம் என்பதை எழுதச் சொன்னதன் காரணம் ஒரு மருமகளின் வாக்கியத்தில் விளங்கியது: "மனசுல பட்டதச் சொல்லிர்றேன் அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க." பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எழுதக்கூடாது என்றார் ஐயா. அதே சொல்லைப் பெரியவர் பேசினால் பின்பாதி வராது. மன்னிப்பைச் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது யாருக்கு என்பதும் அந்தச் சொல்லின் பொருளில் ஒரு பகுதி.

இந்தக் கலையைப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் காட்டும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. சாலை, தண்ணீர், ரேஷன் என்று எழுந்து கேட்கிறவர்களின் பேச்சைக் கவனியுங்கள். "உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்று அதிகாரியிடம் கேட்க ஒருவர் வாயெடுக்கும் இடத்தில்தான் இந்தச் சொற்களுக்கு உயிர் இருக்கிறது.

எழுதிய சீட்டை, சொன்னவரிடமே படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். இது ஐயாவின் கடைசி விதி. சொல்லைத் தந்தவர்கள் நம்மிடம் மறைக்காமல் பேசியவர்கள். அவர்கள் சொன்னதை நாம் திருத்தாமல் எழுதுவதே அதற்குரிய மரியாதை.