பாலின் குறையல்ல

எலும்பு என்றதும் பால் என்று சொல்ல நாம் பழகிவிட்டோம். ஐந்தாம் தரத்துப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். அதனால்தானோ என்னவோ, குறைமாதப் பிள்ளையின் எலும்புக்கு வேறு ஏதும் தேவைப்பட்டால் பழி முதலில் தாய்ப்பாலின் மேல் விழுகிறது.

என் தங்கையின் பிள்ளை 28 வாரத்தில், ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய நிறையுடன் பிறந்தது. வைத்தியசாலையில் அவள் பிழிந்து கொடுத்த பாலில் ஒரு தூளைக் கலந்து குழாய் வழியாக ஊட்டினார்கள். ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது, "தாயிட பால்ல சத்தில்லையாம்" என்று மாறியிருந்தது. "நானா, எண்ட பால்ல என்ன குறை?" என்று தங்கை தொலைபேசியில் அழுதாள்.

வைத்தியரிடம் கேட்டும் தேடி வாசித்தும் நான் விளங்கிக்கொண்டது இது. முழுமாதப் பிள்ளையின் உடலிலுள்ள கல்சியத்திலும் பொசுபரசிலும் ஏறத்தாழ 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அக்காலத்தில் பிள்ளையின் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 100 முதல் 130 மில்லிகிராம் வரையான கல்சியத்தைச் சூல்வித்தகம் கடத்திக் கொடுக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிகிராம்தான் உண்டு. கிலோவுக்கு 150 மில்லிலீற்றர் கொடுத்தாலும் 45ஐத் தாண்டாது. அதையும் குடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. முழுமாதப் பிள்ளைக்கு அது போதும். அது தன் பங்கை வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. தங்கையின் பிள்ளைக்குக் கிடைக்காமற்போனது அந்தப் பன்னிரண்டு வாரங்கள். தூள், பாலுக்குப் பதிலாக அல்ல, அந்த வாரங்களுக்கு ஈடாகவே கொடுக்கப்பட்டது.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் உம்மா எண்ணெய் தடவிக் கைகால் நீவ ஆயத்தமானார். கனியுப்புக் குறைந்த எலும்பு இலேசான பிடியிலும் முறியலாம், இழுக்கவோ அழுத்தவோ வேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். "எத்தின புள்ளயல நீவின கை இது" என்று உம்மா மனம் நொந்தார். வயிற்றுச் சுவரை உதைத்து உதைத்தே பிள்ளையின் எலும்பு உரம் பெறுகிறது, இந்தப் பிள்ளைக்கு அதுவும் பாதியில் நின்றுவிட்டது என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் பார்த்தேன். உம்மா பிள்ளையின் பாதத்தருகே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது உதைக்கும்வரை காத்திருந்தார்.

போதிய கனியுப்பும் விற்றமின் டியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகளின் எலும்பு மாதக்கணக்கில் தேறிவிடும். அதுவரை தாயைப் பழிக்காதிருப்பது ஊரின் பங்கு.