கேட்கும் செவி

“வேலை கிடைத்ததே பெரிது, அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பு?” என்று இளையோரைக் கேட்பது மூத்தவர்களாகிய நம் வழக்கம். அவர்களுடைய மறுமொழிக்கு நாம் காத்திருப்பதில்லை.

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் இன்று நூற்பாலைகளே பலருக்குப் பிழைப்பு. வேடசந்தூர்ச் சாலையில் விடியுமுன் மில் பேருந்துகள் ஊர்தோறும் நின்று பெண்பிள்ளைகளை ஏற்றிச் செல்வதைக் காண்கிறேன். ‘சுமங்கலித் திட்டம்’ கோலோச்சிய காலத்தில், மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் திருமணத்திற்கென மொத்தத் தொகை உண்டு என்றார்கள். இடையில் நோயுற்று விலகியவர்கள் அதனை இழந்ததும் உண்டு. அந்தத் தொகையே பலருடைய வாயைக் கட்டிப்போட்டது.

அவ்வாறு ஓர் ஆலைக்குச் சென்று திரும்பிய எங்கள் தெருப்பெண், இரவு ஷிப்ட்டால் உறக்கம் கெட்டு, யாரோடும் பேசாதிருந்தாள். பல நாள் கழித்து ஒன்று சொன்னாள்: “கை வலித்தால் மாத்திரை கொடுத்தாங்க பெரியப்பா. மனசு வலிச்சா யார்கிட்டச் சொல்றது?”

அவள் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு விடை பிறந்தது. அதற்குக் கொடுத்த விலையோ பெரிது. 2021 ஜனவரியில் ஆடை ஆலையொன்றில் பணிபுரிந்த தலித் இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். உடன் உழைத்த பெண்கள் அஞ்சி ஒடுங்கவில்லை. அவர்கள் சார்ந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனின் போராட்டத்தால் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவாயிற்று. ஆலை நிர்வாகத்தோடு, எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்குப் பொறுப்பேற்றன. தொழிலாளரிடையே சிலர் பயிற்சி பெற்று, அத்துமீறலைக் கண்டு எடுத்துரைக்கும் கண்காணிப்பாளர் ஆயினர். புகார் சொன்னவரைப் பழிவாங்கலாகாது என்பது விதி. முதலாண்டில் 185 குறைகள் எழுந்தன. பெரும்பாலானவை ஒரு வாரத்திற்குள் தீர்ந்தன. இத்தனை குறைகளா என்று மலைக்கத் தேவையில்லை. இத்தனை பேர் அச்சமின்றி வாய் திறந்தனர் என்பதே செய்தி.

உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். இளையோர் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ இதுவே: நியாயமான கூலி, போதிய உறக்கம், மதிப்பான சொல், தம் குறையைக் கேட்கும் ஒரு செவி. இதில் எது பேராசை?

ஒப்பந்தம் எட்டாத ஆலைகள் ஏராளம். ஆனால் நம் வீடு நம் கையில்தான் உள்ளது. விடுமுறைக்கு வரும் மகளிடம் “சம்பளம் போட்டாங்களா?” என்பதற்கு முன், “நல்லாத் தூங்குறியா, அம்மா?” என்று கேட்போம். அவள் சொல்லி முடிக்கும்வரை அருகில் இருப்போம்.