திருவட்டாற்றுக்கு இரு சக்கரத்தில்

மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாற்றுக்குச் சைக்கிளில் போய்வர வேண்டும் என்பது நமது நெடுநாள் ஆசை. சென்ற விடுமுறையில் அது நிறைவேறியது. உடன் வந்தவர் நம் பள்ளி டிராயிங் மாஸ்டர். அவருடைய வாகனம் தகப்பனார் காலத்தது. டயர் ஒன்றரை அங்குல அகலம். நம்முடையதோ புத்தம் புதிது. டயர் 23 மில்லிமீட்டர்தான். உள்ளே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று. டயர் ஒல்லியாயிருந்தால் வேகம் அதிகம் என்பது நமது சித்தாந்தம்.

தார் ரஸ்தா வழவழப்பாயிருந்த வரையில் சித்தாந்தத்துக்குக் குறைவில்லை. பிறகு ரப்பர் தோட்டங்கள் வந்தன. மழை அரித்த ஏற்ற இறக்கங்களும் வந்தன. ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து ஆஜர் கொடுத்தது. டிராயிங் மாஸ்டர் மலையை ரசித்துக்கொண்டே நம்மைத் தாண்டிப் போய்விட்டார்!

கோதையாறும் பறளியாறும் சூழ்ந்த மேட்டில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். 22 அடி நீளத் திருமேனி. மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுவதும் தரிசிக்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் கும்பாபிஷேகம் கண்ட ஆலயம். அந்தச் சந்நிதியில் கை கூப்பினோம், விரல்கள் மரத்துப்போயிருந்தன. தினமும் இந்த வாகனத்தில்தானே பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கவலை பிறந்தது.

வெளியே வந்ததும் ஒரு யுக்தி செய்தோம்; காற்றில் பாதியைத் திறந்துவிட்டோம். சவாரி சுகமாகத்தான் இருந்தது. ஆனால் 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலத்தை நெருங்கும்போது ஒரு பள்ளம். இரும்பு வளையம் கல்லில் மோதி, நடுவில் அகப்பட்ட ட்யூபில் அருகருகே இரண்டு துளைகள். 115 அடி உயரப் பாலத்தை அண்ணாந்து பார்த்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"சாரே, காற்றைக் குறைக்கணும்னா டயருக்கு வயிறு வேணும்" என்றார், பஞ்சர் ஒட்டியவர்.

உண்மை அதுதான். கல்லும் குழியுமான வழியில், இறுகிய டயர் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய சக்தி குலுக்கலில் வீணாகிறது. அகன்ற டயர் குறைந்த காற்றிலேயே கல்லை விழுங்கிவிட்டு உருளும். பிரான்சு தேசத்துப் பெரும் பந்தய வீரர்களே 23-ஐ விட்டு 28 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அகலம் மட்டும் போதாது. டயரின் பக்கச் சுவர் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். விறைத்த டயர் எவ்வளவு அகலமாயிருந்தாலும் மந்தம்தான். முன் சக்கரத்துக்குப் பாரம் குறைவு. ஆகவே காற்றும் சற்றுக் குறையலாம்.

நமது சட்டத்திலும் பிரேக்கிலும் 32 மில்லிமீட்டர் வரை இடமிருந்தது, அதையே மாட்டிக்கொண்டோம். வாங்கும் நேயர்கள் டயரின் ஓரத்திலுள்ள எண்ணைப் பார்க்கவும். 32-622 என்றால் முதல் எண் அகலம். இரண்டாவது வளையத்தின் விட்டம். முன்னதில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பின்னது ஒத்தே ஆக வேண்டும்.

திரும்பும் வழியில் மரந்தோறும் சிரட்டையில் ரப்பர் பால் சொட்டுவதைப் பார்த்தோம். வளைந்து கொடுத்து மீள்வதே அதன் குணம். அதைக் கல்லாக்கி ஓட்டியது நாம்தானே!