ஒரு முழு நிமிடம்

செவிலியர் வேலையில் பாதி, நோயாளியைப் பார்ப்பது. மீதி, பார்த்ததை அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் பழுதில்லாமல் ஒப்படைப்பது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போகிறார். இரவும் பகலும் கட்டிலருகில் இருப்பவர்கள் நாங்கள். மூன்று ஷிஃப்டுகளில் மூன்று பேர் செய்யும் வேலை ஒரே கவனிப்பாக இருப்பது நாங்கள் எழுதிவைக்கும் குறிப்பால்தான். அதனால்தான் காகித கேஸ் ஷீட் போய், நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதியும் இ.எம்.ஆர். வந்தபோது, எழுதும் இடத்தோடு நாங்கள் நோயாளியைப் பார்க்கும் விதமும் மாறத் தொடங்கியது.

காகிதக் காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஒரு மருந்தின் பெயரைப் புரிந்துகொள்ள, கேஸ் ஷீட்டை வார்டுக்கு வார்டு தூக்கிக்கொண்டு போன இரவுகள் உண்டு. இன்சுலின் 4 யூனிட் என்பதைச் சுருக்கி, எண்ணை ஒட்டி ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால், அது பூஜ்ஜியமாகத் தெரிந்து 40 ஆகிவிடக்கூடும். மருந்துப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தும் அளவுக்குக் கையெழுத்து பெரிய சிக்கலாக இருந்தது. திரையில் அந்தக் குழப்பம் இல்லை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமாக்சிசிலின் எழுதினால் எச்சரிக்கை வருகிறது. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்தால், ஆள் மாறி ஊசி போகும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

ஆனால் நாம் என்ன பார்த்தோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என்ன தட்டினோம் என்பதுதான் தெரியும்.

மூச்சு எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். பல்ஸையும் ஆக்சிஜன் அளவையும் விரலில் மாட்டும் கருவி சொல்லிவிடும். பி.பி.யை மெஷின் சொல்லிவிடும். பொது வார்டில் மூச்சை மட்டும் நாம்தான் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். அந்த நிமிடம் கிடைக்காதபோது கை தானாக 18 என்றோ 20 என்றோ போட்டுவிடுகிறது. காகிதத்தில் அது ஒரு தவறான எண்ணாக மட்டும் கிடந்தது. இப்போது அந்த எண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த ‘நியூஸ்’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்ஜியம். 21 முதல் 24 என்றால் 2. 25-ஐத் தொட்டால் 3, அது ஒன்றே டாக்டரை அழைக்கப் போதும். நிமிடத்துக்கு 26 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு ஊகமாக 20 என்று போட்டால், திரை பச்சை நிறத்தில் ‘பரவாயில்லை’ என்கிறது. அதை நம்பி அடுத்த ஷிஃப்டும் நிம்மதியாக இருந்துவிடுகிறது.

உணர்வு நிலையும் அப்படித்தான். 2017-இல் ‘நியூஸ்’ முறையைத் திருத்தியபோது, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கும் 3 மதிப்பெண் என்று சேர்த்தார்கள். எங்கள் வார்டில் வயிற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருந்த ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் இல்லை, பி.பி. சரியாக இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. ‘விழிப்பு’ என்று டிக் செய்துவிட்டு நகர்ந்திருக்கலாம். “ஐயா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பக்கத்திலிருந்த அவர் மனைவி, “சிஸ்டர், விடியக்காலத்துலேர்ந்து ஒரு மாதிரியா பேசுறாரு. செத்துப்போன அவரு தம்பிய உள்ள கூப்பிடச் சொல்றாரு” என்றார். குழப்பம் என்று பதிந்து டியூட்டி டாக்டரை அழைத்தேன். ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. ‘குழப்பம்’ என்ற கட்டம் திரையில் இருந்தது உண்மை. ஆனால் நோயாளியோடு பேசினால்தான் அதைச் சரியாக நிரப்ப முடியும்.

எந்தக் கட்டத்திலும் அடங்காத சேதிகளும் இருக்கின்றன. நேற்றுவரை தானே பாத்ரூம் போனவர் இன்று கட்டில் கம்பியைப் பிடிக்கிறார். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்புகிறது. முன்பு நர்ஸ் குறிப்பில் இவையெல்லாம் ஒரு வரியாகவாவது இருக்கும். டிக் அடிக்கும் வசதி வந்தபின் அந்த வரி அருகிவருகிறது. அதற்குப் பதிலாக, முந்தைய ஷிஃப்டின் குறிப்பையே நகலெடுத்து ஒட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஒரே தகவலை மூன்று இடத்தில் கேட்கும் மென்பொருள், வார்டு முழுவதற்கும் இரண்டே கம்ப்யூட்டர், நைட்டில் ஒரு நர்ஸுக்கு அளவுக்கு மீறிய நோயாளிகள் என்றால், கட்டிலருகில் நிற்கும் நேரம்தான் முதலில் குறையும்.

மென்பொருள் வாங்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒன்று சொல்வேன்: முடிவெடுக்கும் மேசையில் வார்டு நர்ஸையும் உட்காரவையுங்கள். மென்பொருளை எழுதுபவர்கள் ஒரு நைட் டியூட்டி முழுக்க எங்களோடு நின்று பார்க்கட்டும். புதிதாகப் பணிக்கு வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்: கண்ணால் பார்க்காததைப் பதியாதீர்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் பாஸ்வேர்டில் இன்னொருவரைப் பதிய விடாதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.